கருவி நின்ற இடங் காணும் நெறி

ஓரிடத்து நின்று ஒரு பொருளின் வடிவை முழுமையுங் காண்டல் இயலாது; முன்புறங் காண்பானுக்குப் பின்புறம் மறைவாம். ஆதலின் பல இடங்களினின்று நோக்கி, அந்நோக்குகளை ஒன்றுகூட்டல் வேண்டும். அதற்கு, அளக்குங் கருவி ஒவ்வொரு முறையும் எங்கு நின்றது, எத்திசை நோக்கியது என்பன தெரிதல் இன்றியமையாதது. அதனை அறியும் நெறியை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீதின் பளிங்குச் சிலை உள்ளது. அதன் உயரம் 5 மீட்டருக்கு மேற்பட்டது. 1999ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தார், உளித்தடமும் புலப்படுமாறு லேசர் ஒளியால் அதனை அளந்தனர். அவர்கள் பெற்றவை தொலைவுப் படங்கள். அஃதாவது, ஒவ்வொரு புள்ளியும் கருவிக்கும் சிலைக்கும் இடைப்பட்ட தொலைவை உணர்த்தும் படங்கள். லேசர் ஒளி பளிங்கினுட் சிறிது புகுந்து சிதறுமாதலின், அளவுகளிற் பிழையுங் கலந்தது.

கருவியின் நிலையை ஆறு எண்கள் உணர்த்தும். இடம் பற்றியன மூன்று, திருப்பம் பற்றியன மூன்று. இவற்றைக் காண, சிலையின் ஒரு பகுதியேனும் இரு படங்களுக்கும் பொதுவாதல் வேண்டும். முதற்கண் உத்தேசமாக ஒரு நிலையைக் கொள்க. ஒரு படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் மற்றதன்கண் மிக அணித்தான புள்ளியை இணையாக்குக. மிக விலகிய இணைகளைத் தள்ளுக. எஞ்சியவற்றின் இடைவெளிகளை வர்க்கித்துக் கூட்டிய தொகை மிகச் சிறிதாமாறு ஒரு படத்தை நகர்த்தித் திருப்புக. பின்னரும் இணை தேடுக. மாற்றம் ஒழியுமளவும் இவ்வாறே செய்க. பால் பெஸ்ல், நீல் மக்கே என்னும் இருவர் 1992ஆம் ஆண்டில் இம்முறையின் அடிப்படையை விளக்கி வெளியிட்டனர்.

பிழைபட்ட அளவுகளினின்று சரியான நிலை பெறப்படுவது எங்ஙனமெனின், ஒரு புள்ளி முன்னும் மற்றொன்று பின்னுமாகப் பிழைக்குமாதலின், பல்லாயிரம் புள்ளிகள் கூடுமிடத்து அப்பிழைகள் பெரும்பாலும் தம்முட் கழிந்துபோம். எல்லாப் புள்ளிகளும் ஒருபுறமே சாய்ந்து பிழைப்பின், அது கழியாது.

இந்நெறிக்கு வேறு எல்லைகளும் உள. முதற்கொண்ட உத்தேசம் மிகத் தவறாயின், முடிவு பொய்யான பொருத்தத்தில் நின்றுவிடும். சமதளச் சுவரின் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் பொருந்துமாதலின், அங்கு நிலை துணிதல் அரிது. மேடுபள்ளம் உடைய உருவே அதனைத் துணிவிக்கும். ஒவ்வொரு படத்தையும் அடுத்ததனோடு மாத்திரம் சேர்த்துச் செல்லின், சிறு பிழைகள் திரண்டு பெரும் பிழையாம். ஆதலின் படங்கள் அனைத்தையும் ஒருங்கே இசைவித்தல் வேண்டும்.

நிலை சிறிது பிறழினும், சிற்பி செதுக்காததொரு விளிம்பு கணக்கில் தோன்றும். அன்றி, அவன் உளித்தடம் மறையும். சிலை பழுதுறுங் காலத்துப் பழைய வடிவிற்குச் சான்றாகும் இவ்வளவை பொய்யாமை, கருவி நின்ற இடத்தைச் செவ்வனே அறிதலைப் பொறுத்ததாம்.