வாற்பேத்தை இல்லாத தேரைகள்

தவளை நீரில் முட்டையிடும். முட்டையினின்று வாற்பேத்தை வெளிவரும். அது கால் முளைத்துத் தவளையாகும். மாணவர் விடைத்தாள்களில் இம்மூன்று வாக்கியங்களும் தவறாது இடம்பெறும். அவை பிழையல்ல. ஆயினும் நம் நாட்டு மரத்தேரைகளுட் பெரும்பாலானவை இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை.

கோமாரியில் மாரி பிடித்ததும், வீட்டுச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியோரத்திலும் ஒட்டியிருக்கும் புள்ளித்தேரையை அறியாதார் இலர். விரல்நுனியிலுள்ள வட்டத் தட்டுக்களே வழுவழுத்த சுவரிலும் அதனைத் தாங்குவன. முட்டையிடுங்காற் பெண்தேரை தன்னுடலிற் சுரக்கும் பசையைப் பின்னங்கால்களால் அடித்து வெண்ணுரையாக்கி, நீருக்கு மேலுள்ள கிளையிலோ சுவரிலோ கூடாக அமைக்கும். வெளிப்புறம் காய்ந்து இறுக, உள்ளே ஈரந் தங்கும். சில நாளில் வாற்பேத்தைகள் கீழுள்ள நீரில் விழும். தேங்காய் பருப்பின்றிப் போனால் ‘தேரை பாய்ந்தது’ என்று இவ்வுயிரின்மேற் பழி போடுகிறோம். பூச்சியை விழுங்கி வாழும் அதற்குத் தேங்காயைத் துளைக்கும் வாயுமில்லை, வேட்கையுமில்லை.

புள்ளித்தேரை நீரைப் பாதியளவே துறந்தது. ஈரவலயக் காடுகளிலும் மலைக்காடுகளிலும் வாழும் சிறு புதர்த்தேரைகளோ முற்றாகவே துறந்துவிட்டன. அவற்றுட் பல ஈரமண்ணில் முட்டைகளைப் புதைக்கும். சில இலையில் ஒட்டிவைக்கும். வாற்பேத்தைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிய, நான்கு காலும் அமைந்த குட்டித்தேரையே வெளிவரும். இவ்வகையில் 70க்கு மேற்பட்ட இனங்கள் இலங்கையில் அறியப்பட்டுள்ளன. மலைநாட்டிற் கடமையாற்றிய நம் பழைய மாணவர், இரவிற் புதருக்குள் ‘டிக், டிக்’ என்னும் ஒலியைக் கேட்டிருப்பர், பூச்சியென்று எண்ணியுமிருப்பர்.

இவற்றுக்குக் குளம் வேண்டா. ஆனாற் காட்டின் நிழலும் ஈரமும் இன்றியமையாதன. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும், 1869இல் அதனை இலைநோய் பற்றிய பின் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. ஓடைகள் எஞ்சின, நிழல் எஞ்சவில்லை.

இலங்கையிற் பிறந்த இராணுவ மருத்துவரான கேலார்ட் என்பார், நுவரெலியாவிற் கிடைத்த, விண்மீன் போன்ற புள்ளிகளுடைய புதர்த்தேரையொன்றை 1853இல் விவரித்து எழுதினார். அதன்பின் அஃது எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்த இனங்களின் பட்டியலிலும் அதன் பெயர் ஏறிற்று. 156 ஆண்டுகள் கழித்து, 2009இல், சிவனொளிபாதமலைக் காட்டில் இலங்கை ஆய்வாளர் அதனை உயிருடன் கண்டனர். அதன் உறவினங்களுட் பத்துக்கு மேற்பட்டவை இன்னும் அப்பட்டியலிலேயே உள்ளன.