மண்ணைக் கிளறிய காகம்



தன் சகோதரனைக் கொலை செய்துவிட்டு, அவ்வுடலை என்ன செய்வதென்று அறியாது திகைத்து நின்றார் ஆதம் (அலை) அவர்களின் மைந்தர் ஒருவர். அவருக்கு அல்லாஹ் அனுப்பிய ஆசான் யார் தெரியுமா? மண்ணைக் கிளறிக் காட்டிய ஒரு காகம்! அல்மாயிதா அத்தியாயத்தின் 31ஆவது வசனம் இவ்வரலாற்றை எடுத்துரைக்கின்றது.

எறும்புகளைப் பாருங்கள். புற்றுக்குள் ஓர் எறும்பு இறந்தால், மற்றவை அதனைச் சுமந்து சென்று வெளியே குப்பை மேட்டில் போட்டுவிடுகின்றன. இறந்த உடலில் உண்டாகும் ஒலெயிக் அமிலத்தின் வாடையே இதற்குக் காரணம் என்பதை எட்வர்ட் வில்சன் என்ற அறிஞரும் அவரது குழுவினரும் 1958இல் வெளியிட்டனர். அந்த அமிலத்தை உயிருள்ள எறும்பின் மீது தடவியபோது, கால்களை உதைத்துக்கொண்டிருந்த அதனையும் ஏனைய எறும்புகள் தூக்கிச் சென்று எறிந்தன!

மனிதரிலோ வழக்கங்கள் பலவாகும். மண்ணும் நெருப்பும் நீரும் பிரேதத்தால் மாசுபடலாகாது என நம்பும் பார்சி சமூகத்தினர், மும்பாயின் மலபார் குன்றிலுள்ள மௌன கோபுரங்களில் உடலைப் பிணந்தின்னிக் கழுகுகளுக்கென வைத்து வந்தனர். கால்நடைகளுக்கு வழங்கப்பட்ட டைக்ளோபெனக் என்ற வலி நிவாரணி இவ்வழக்கத்தையே நிலைகுலையச் செய்தது. அம்மருந்தேற்றப்பட்டு இறந்த மாடுகளை உண்ட கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. இந்தியாவில் அவற்றின் சில இனங்கள் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. 2004இல் காரணம் கண்டறியப்பட்டு, 2006இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. கழுகுகளற்ற கோபுரங்களில் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளைப் பொருத்த நேர்ந்தது.

இளைஞர்களே! இதனைப் படித்து நகைத்துவிடாதீர்கள். யூதர் ஒருவரின் பிரேதம் கடந்து சென்றபோது எழுந்து நின்றவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். இறந்தவரைத் தம் நம்பிக்கைப்படி வழியனுப்ப முடியாது போவதன் வேதனையை நாமும் அறிவோம். 2020இல் கொவிட் தொற்றால் மரணித்தோரின் ஜனாஸாக்கள் நம் நாட்டில் கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2021 மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் தொடங்கும் வரை எத்தனை குடும்பங்கள் கண்ணீர் வடித்தன! 2024 ஜூலையில் அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கோரியது.

அவ்வாறு ஏங்கிப் பெற்ற உரிமையை இன்று நாம் எவ்வாறு பேணுகின்றோம்? தந்தையின் மையித்தைக் குளிப்பாட்டவும் கபனிடவும் தெரியாது, வெளியே கைகட்டி நிற்கும் மகன்கள் எத்தனை பேர்! பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளை ஜனாஸாவுக்கு உடனழைத்துச் செல்லுங்கள். குளிப்பாட்டும் முறையையும் தொழுகையின் துஆக்களையும் நீங்கள் உயிரோடிருக்கும்போதே கற்றுக் கொடுங்கள். ஆதமின் மகனுக்குக் கற்பிக்க ஒரு காகம் வந்தது. நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியவர்கள் நாமே.

வல்ல அல்லாஹ் நம் முடிவை அழகியதாக்கி, நம் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.