வயதுவந்தோர் சமூகப் பணிக் குழுவின் தலைமை

வயதுவந்தோர் சமூகப் பணிக் குழுவின் தலைமை என்பது, உடல், மன, சமூகச் சிக்கல்கள் பலவற்றுடன் ஒரே நேரத்தில் வாழும் 18 வயது நிறைந்தவர்களுக்கு உதவும் சமூகப் பணியாளர்களை வழிநடத்தும் பொறுப்பு ஆகும். இங்கிலாந்தில் இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றங்களின் கீழ் இயங்குகின்றன. குழுத் தலைவர் பணிகளைப் பங்கிடுகிறார். பணியாளர்களை மேற்பார்வை செய்கிறார். கடினமான முடிவுகளுக்கு ஒப்புதல் தருகிறார்.

ஒருவரைத் தீங்கிலிருந்து காக்க வேண்டும். அதே நேரத்தில் தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் அவரது உரிமையையும் மதிக்க வேண்டும். இவ்விரண்டும் பல நேரங்களில் ஒன்றோடொன்று மோதும். அந்த மோதலைத் தனியொரு பணியாளரின் தலையில் சுமத்தாமல், பலர் கூடிச் சிந்தித்து முடிவெடுக்க வழிசெய்வதே தலைவரின் முதன்மைப் பணியாகும். இங்கிலாந்தின் சட்டங்களையும் நடைமுறையையும் கொண்டு அப்பணியை இக்கட்டுரை விளக்குகிறது.

## சிக்கலான தேவைகள்

ஒருவருக்குப் பல நோய்கள் இருப்பதால் மட்டும் அவருடைய தேவைகள் சிக்கலானவை ஆகிவிடுவதில்லை. ஒரு தேவை மற்றொன்றைத் தீர்க்கவிடாமல் தடுக்கும்போதே நிலைமை சிக்கலாகிறது.

எடுத்துக்காட்டாக, தனியாக வாழும் 62 வயது ஆண் ஒருவரைக் கற்பனை செய்து கொள்ளலாம். நீரிழிவால் அவர் காலில் ஆறாத புண் இருக்கிறது. மதுப்பழக்கத்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நாள்களைத் தவறவிடுகிறார். வீட்டில் பழைய செய்தித்தாள்களும் உடைந்த பொருள்களும் கூரைவரை குவிந்திருப்பதால், புண்ணுக்குக் கட்டுப்போட வரும் செவிலியரால் உள்ளே நுழைய முடியவில்லை. வாடகை நிலுவையால் வீட்டையே இழக்கும் நிலையிலும் இருக்கிறார். மருத்துவத் துறை புண்ணைப் பார்க்கிறது; வீட்டுவசதித் துறை வாடகையைப் பார்க்கிறது; போதை மீட்பு மையம் மதுவைப் பார்க்கிறது. இவை அனைத்தையும் ஒரே மனிதரின் வாழ்க்கையாகச் சேர்த்துப் பார்ப்பது சமூகப் பணியாளரின் வேலை.

அறிவுசார் மாற்றுத்திறன், ஆட்டிசம், மூளைக் காயம், மறதிநோய், நாள்பட்ட மனநோய், போதைப் பழக்கம், வீடின்மை, குடும்ப வன்முறை ஆகியவற்றுள் இரண்டு அல்லது மூன்று ஒன்றாகச் சேர்ந்தவர்களே இக்குழுக்களிடம் பெரும்பாலும் வருகின்றனர்.

## சட்ட அடிப்படை

பராமரிப்புச் சட்டம், 2014: இது 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. ஒருவரின் நலவாழ்வை மேம்படுத்துவது உள்ளாட்சி மன்றத்தின் கடமை என்று இதன் முதல் பிரிவு கூறுகிறது. உணவு உண்ணல், தூய்மை பேணல், வீட்டைப் பராமரித்தல், உறவுகளைத் தொடர்தல் போன்ற 10 விளைவுகள் விதிகளில் பட்டியலிடப்பட்டுள்ளன. உடல் அல்லது மனக் குறைபாட்டால் அவற்றுள் இரண்டையோ அதற்கு மேற்பட்டவற்றையோ ஒருவர் எய்த முடியாமல், அதனால் அவருடைய நலவாழ்வு பெரிதும் பாதிக்கப்பட்டால், அவர் உதவி பெறத் தகுதி உடையவர். பராமரிப்புத் தேவை உள்ள ஒருவர் துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறார் என்று ஐயுறக் காரணம் இருந்து, தம்மைக் காத்துக்கொள்ள அவரால் முடியாவிட்டால், மன்றம் விசாரிக்க வேண்டும் என்று 42ஆம் பிரிவு விதிக்கிறது.

மனத்திறன் சட்டம், 2005: முடிவெடுக்கும் திறன் பற்றிய இச்சட்டம் ஐந்து கோட்பாடுகளின்மேல் நிற்கிறது.

- திறன் இல்லை என்று நிறுவப்படும்வரை, ஒருவருக்குத் திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும்.
- அவர் தாமே முடிவெடுக்க இயன்ற எல்லா உதவிகளையும் செய்த பின்னரே திறன் இல்லை என்று சொல்லலாம்.
- விவேகமற்ற முடிவு எடுத்தார் என்பதற்காக மட்டும் திறன் இல்லாதவர் என்று கருதக் கூடாது.
- திறன் இல்லாதவருக்காக எடுக்கப்படும் முடிவு அவருடைய நலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும்.
- அவருடைய உரிமைகளையும் சுதந்திரத்தையும் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மனநலச் சட்டம், 1983: மனநோயால் ஒருவரைக் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்ப்பதற்கான விதிகள் இதில் உள்ளன. பெரும்பாலும் சிறப்புப் பயிற்சியும் ஒப்புதலும் பெற்றவர்கள் இதன் கீழ் அத்தகைய விண்ணப்பங்களைச் செய்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சமூகப் பணியாளர்கள்.

## குழுவும் பணிப் பங்கீடும்

ஒரு குழுவில் பதிவு பெற்ற சமூகப் பணியாளர்கள், மூத்த பணியாளர்கள், புதிதாகத் தகுதி பெற்றவர்கள், பதிவு தேவைப்படாத மதிப்பீட்டு அலுவலர்கள் ஆகியோர் இருப்பர். சில குழுக்களில் தொழில்சார் சிகிச்சையாளர்களும் இருப்பர். இங்கிலாந்தில் ‘சமூகப் பணியாளர்’ என்ற பட்டத்தைப் பதிவு பெறாதவர் பயன்படுத்த முடியாது. 2019 டிசம்பர் முதல் ‘சோஷியல் வொர்க் இங்கிலாந்து’ என்ற அமைப்பு இப்பதிவை நிர்வகித்து வருகிறது.

புதிய கோரிக்கை வந்ததும் யாரிடம் ஒப்படைப்பது என்பது தலைவரின் அன்றாட முடிவு. எத்தனை பேரை ஒரு பணியாளர் கவனிக்கிறார் என்ற எண்ணிக்கை இதற்குப் போதாது. முதியோர் இல்லத்தில் நிலையாக வாழும் பத்துப் பேருக்கான ஆண்டு மறுஆய்வைவிட, மேலே கண்ட ஒரே மனிதருக்கான பணி கூடுதல் நேரத்தையும் மனவலிமையையும் கேட்கும். ஆகவே பணியாளரின் அனுபவம், ஏற்கெனவே அவரிடம் உள்ள பணிகளின் கடினம், பயண நேரம், நீதிமன்ற வேலைகள் ஆகியவற்றையும் தலைவர் கணக்கில் கொள்கிறார்.

காத்திருப்போர் பட்டியலும் அவருடைய பொறுப்பே. பட்டியலில் உள்ளவரின் நிலை காத்திருக்கும் காலத்தில் மோசமாகலாம். எனவே முறையாக மறுபடி தொடர்புகொண்டு, தேவைப்பட்டால் முன்னுரிமையை மாற்றுவதற்கு ஏற்பாடு இருக்க வேண்டும்.

## மேற்பார்வை

சமூகப் பணியில் மேற்பார்வை என்பது வேலை நடந்ததா என்று சரிபார்ப்பதோடு நிற்பதில்லை. அமெரிக்க அறிஞர் ஆல்ஃபிரட் கதுஷின் 1976இல் வெளியிட்ட நூலில் அதற்கு நிர்வாகம், கல்வி, ஆதரவு என மூன்று செயல்பாடுகளைக் குறிப்பிட்டார். இவற்றுள் ஒன்று மற்ற இரண்டையும் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது கடினம். பணி நெருக்கடி மிகும்போது, ‘இது முடிந்ததா, அது முடிந்ததா’ என்ற கேள்விகளே நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

புதிதாகத் தகுதி பெற்றவருக்கு முதல் ஆறு வாரங்கள் வாரம் ஒருமுறை, பின்னர் ஆறு மாதம் முடியும்வரை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, அதன்பின் மாதம் ஒருமுறையேனும் மேற்பார்வை தர வேண்டும் என்று இங்கிலாந்தில் முதலாளிகளுக்கான தரநிலைகள் கூறுகின்றன. ஒவ்வோர் அமர்வும் இடையூறின்றி ஒன்றரை மணி நேரமாவது நீடிக்க வேண்டும்.

நல்ல மேற்பார்வையில் தலைவர் விடையைக் கொடுத்துவிடுவதில்லை. “அவருடைய வீட்டில் நின்றபோது உங்களுக்கு என்ன தோன்றியது?”, “நீங்கள் எண்ணுவது தவறாக இருந்தால் அதை எப்படி அறிவீர்கள்?”, “இதில் அவர் விரும்புவது என்ன?” என்று கேட்கிறார். பல முறை கதவு அடைக்கப்பட்ட பணியாளர் சோர்ந்து, ‘அவர் ஒத்துழைப்பதில்லை’ என்று எழுதிவிடுவது இயல்பு. அந்தச் சொல்லின் பின்னால் பணியாளரின் களைப்பு இருக்கிறதா, சேவை பெறுபவரின் அச்சம் இருக்கிறதா என்று ஆராயும் இடம் மேற்பார்வையே.

## ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது

இக்குழுக்கள் சந்திக்கும் மிகக் கடினமான சூழல், ஆபத்தில் உள்ள ஒருவர் உதவியை மறுப்பதாகும். இதில் இரண்டு பிழைகள் நேரக்கூடும். ஒன்று, அவருடைய விருப்பத்தை மீறி அவரைக் கட்டுப்படுத்துவது. மற்றொன்று, ‘அது அவருடைய தேர்வு’ என்று சொல்லிக் கோப்பை மூடிவிடுவது.

இரண்டாவது பிழை எங்கே கொண்டு விடும் என்பதற்குக் கார்ன்வால் பகுதியில் நிகழ்ந்த ஒரு மரணம் சான்று. அறிவுசார் மாற்றுத்திறன் உடைய ஒருவர், தமக்குக் கிடைத்துவந்த வாராந்தர உதவி வேண்டாம் என்று 2005இல் கூறினார். அதன்படி சேவை நிறுத்தப்பட்டது. அவருடைய வீட்டைச் சிலர் ஆக்கிரமித்து, அவரை அடிமைபோல் நடத்திவந்தனர். 2006 ஜூலையில் அவர்கள் கையால் அவர் கொல்லப்பட்டார். மார்கரெட் ஃப்ளின் எழுதி 2007 டிசம்பரில் வெளியான ஆய்வறிக்கை, காவல், மருத்துவம், வீட்டுவசதி உள்ளிட்ட பல துறைகள் அவரைப் பற்றிச் சிறிது சிறிதாக அறிந்திருந்தும், அவற்றை யாரும் ஒன்றுசேர்க்கவில்லை என்று காட்டியது. அவர் உதவியை மறுத்தது சுதந்திரமான முடிவுதானா என்ற கேள்வியும் உரியவாறு ஆராயப்படவில்லை.

இன்றைய சட்டம் இந்த இடைவெளியைக் கருத்தில் கொள்கிறது. தேவை மதிப்பீட்டை ஒருவர் மறுத்தால் மன்றம் பொதுவாக அதை மேற்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அவர் துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ உள்ளாகிறார், அல்லது உள்ளாகும் ஆபத்தில் இருக்கிறார் என்றால், மறுப்புக்குப் பின்னும் மதிப்பீடு செய்ய வேண்டும் என்று பராமரிப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கூறுகிறது. மதிப்பீடு நடந்தாலும் அவர் ஒத்துழைக்காமல் இருக்கலாம். அப்போதும் முயன்றதற்கான பதிவு இருக்க வேண்டும்.

எனவே மறுப்பு வந்ததும் குழுத் தலைவர் பணியாளருடன் சேர்ந்து சில கேள்விகளை ஆராய்கிறார்.

1. எந்த முடிவு பற்றிய மறுப்பு? மனத்திறன் ஒவ்வொரு முடிவுக்கும் ஒவ்வொரு நேரத்துக்கும் தனித்தனியாகப் பார்க்கப்படுகிறது. புண்ணுக்குச் சிகிச்சை பெறுவது பற்றி முடிவெடுக்க முடிந்தவருக்கு, பண விவகாரத்தில் அத்திறன் இல்லாமல் இருக்கலாம்.
2. செய்தி புரிந்ததா? செய்தியைப் புரிந்துகொண்டு, நினைவில் வைத்து, எடைபோட்டு, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மது அருந்திய வேளையில் பேசியது போதாது. தெளிவாக இருக்கும் வேளையில் மீண்டும் செல்ல வேண்டும்.
3. சொல்லும் செயலும் பொருந்துகின்றனவா? மூளைக் காயம் உள்ள சிலர் நேர்காணலில் தெளிவாகப் பேசுவர். சொன்னதைச் செயலில் காட்ட அவர்களால் இயலாது. ஆகவே அன்றாட வாழ்வில் என்ன நடக்கிறது என்பதும் சான்றாக வேண்டும்.
4. யாராவது அச்சுறுத்துகிறார்களா? அவரைத் தனியே சந்தித்துக் கேட்க வேண்டும். மனத்திறன் உள்ளவரும் பிறருடைய வற்புறுத்தலுக்கு ஆளானால், உயர் நீதிமன்றத்தை நாட வழி உண்டு.
5. எந்த மொழியில் பேசப்பட்டது? லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம் போன்ற பகுதிகளில் தமிழ் முதியோர் பலர் வாழ்கின்றனர். மகனோ மருமகளோ மொழிபெயர்த்தால், முதியவர் சொல்ல விரும்புவது சொல்லப்படாமலே போகலாம். குடும்பத்தைச் சாராத மொழிபெயர்ப்பாளர் தேவை.

இவ்வளவும் பார்த்த பின்னர், அவருக்குத் திறன் உண்டு, வற்புறுத்தலும் இல்லை என்று தெரிந்தால், அவருடைய முடிவை மதிக்க வேண்டும். அதன் பொருள் அவரைக் கைவிடுவது என்பதன்று. மேற்கண்ட எடுத்துக்காட்டில், வீட்டைக் காலி செய்து துப்புரவாக்குவதை அவர் ஏற்காவிட்டாலும், செவிலியர் அமர்ந்து கட்டுப்போட ஒரு நாற்காலிக்கு மட்டும் இடம் ஒதுக்க ஒப்புக்கொள்ளலாம். அடுத்த மாதம் புகை எச்சரிக்கைக் கருவி பொருத்த இசையலாம். இத்தகைய மெதுவான பணிக்கு நேரம் ஒதுக்கித் தருவதும், ‘ஏன் இன்னும் கோப்பு முடியவில்லை’ என்ற மேலிடத்துக் கேள்விக்கு விடை சொல்வதும் தலைவரின் கடமைகள்.

## பிற துறைகளுடன் இணைதல்

ஆபத்து மிகுந்த நிலையில் தலைவர் பல துறைக் கூட்டத்தைக் கூட்டுகிறார். மருத்துவர், செவிலியர், காவல் துறை, தீயணைப்புத் துறை, வீட்டுவசதித் துறை ஆகியோர் அதில் பங்கேற்கலாம். ஒவ்வொரு செயலுக்கும் பொறுப்பாளரும் நாளும் குறிக்கப்படாத கூட்டம் பயன் தராது. சேவை பெறுபவரும் இயன்றவரை கலந்துகொள்ள வேண்டும். பங்கேற்பதில் அவருக்குக் கணிசமான இடர்ப்பாடு இருந்து, துணைநிற்கத் தகுந்த உறவினரோ நண்பரோ இல்லாவிட்டால், அவர் சார்பில் பேச ஒரு சுயேச்சையான பிரதிநிதியை மன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

தொலைவில் உள்ள நிறுவனத்தில் ஒருவரைச் சேர்த்துவிட்டால் பொறுப்பு முடிவதில்லை. பிரிஸ்டல் அருகே இயங்கிய வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் நோயாளிகள் துன்புறுத்தப்பட்டதை 2011 மே மாதம் பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி வெளிப்படுத்தியது. 2012இல் 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டனர். நோயாளிகள் பலர் தம் ஊரிலிருந்து வெகுதொலைவில் வைக்கப்பட்டிருந்தனர். அறிக்கையை மட்டும் படிக்காமல் நேரில் சென்று, அவரைத் தனியே சந்தித்து மறுஆய்வு செய்வதன் தேவையை இந்நிகழ்வு உணர்த்தியது.

## பணியாளர் நலன்

தனியாக வீடுகளுக்குச் செல்வோரின் பாதுகாப்புக்கு, எங்கே செல்கிறார், எப்போது திரும்புவார் என்ற பதிவும், திரும்பாவிட்டால் யார் அழைப்பது என்ற ஏற்பாடும் வேண்டும். அச்சுறுத்தல் உள்ள வீட்டுக்கு இருவராகச் செல்வது நல்லது.

சேவை பெற்றவர் இறந்துபோகும்போது பணியாளர் தம்மையே குற்றம் சாட்டிக்கொள்வது உண்டு. துன்புறுத்தலோ புறக்கணிப்போ காரணமாக ஒருவர் இறந்து, துறைகள் இணைந்து செயல்பட்ட விதத்தில் குறை இருந்ததாக ஐயம் எழுந்தால், பராமரிப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி மீளாய்வு நடத்தப்படும். இம்மீளாய்வின் நோக்கம் தனிநபரைத் தண்டிப்பதன்று, பாடம் கற்பதே. இதைப் பணியாளருக்கு விளக்கி, அவருடன் அமர்ந்து கோப்பைப் படித்து, விசாரணைக் காலம் முழுவதும் உடன் நிற்பது தலைவரின் பொறுப்பு.

அப்போது துணைவருவது முறையான பதிவு. என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதோடு, வேறு எந்த வழிகள் ஆராயப்பட்டன, அவை ஏன் விடப்பட்டன, சேவை பெறுபவர் தம் சொற்களில் என்ன சொன்னார் என்பனவும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அத்தகைய பதிவு பணியாளரைக் காக்கும். அடுத்துக் கோப்பைத் திறக்கும் பணியாளரிடம், அவர் சந்திக்கப்போகும் மனிதர் யார் என்பதையும் அது சொல்லும்.