வரைபடங்களில் மறையும் தமிழ் எழுத்துகள்: லினக்ஸ் எழுத்துரு அமைவு குறித்த விளக்கம்

இலக்கியச் சொல்லாட்சியைக் கணினிவழி ஆராய்வோர், சொற்களின் வருகையை வரைபடமாக்கும்போது ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றனர். கோடுகளும் தூண்களும் செம்மையாக அமைகின்றன. தமிழ்ச்சொல் நிற்க வேண்டிய இடத்திலோ வெற்றுக் கட்டங்களும் புள்ளிகளும் தோன்றுகின்றன. புதிதாக நிறுவப்பட்ட லினக்ஸ் வழங்கிகளில் இக்குறை மிகுதி. இதனைத் தவிர்க்கச் சொற்களை உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதுவோர் உளர். ஆயின், வழக்கமான உரோமன் எழுத்தில் 'அறம்', 'அரம்' ஆகிய இரண்டும் ஒன்றாகிவிடும். ஆய்வுப்பொருளையே சிதைக்கும் இவ்வழியை நாம் ஏற்றல் இயலாது.

தரவு கெடவில்லை என்பதே முதற்கண் தெளிய வேண்டியது. ஒருங்குறி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணையே தருகிறது. அகரத்தின் எண் 2949. அவ்வெண்ணுக்குரிய வடிவத்தைத் தருவது எழுத்துரு. லினக்ஸில் தக்க எழுத்துருவைத் தேடித் தருவது ஃபான்ட்கான்ஃபிக் என்னும் நிரலகம். எனவே நாம் மூன்றனை வரிசையாகச் சோதித்தல் வேண்டும்.

முதலாவது, தமிழ் எழுத்துரு உள்ளதா என்பது. 'எஃப்சி-லிஸ்ட்' கட்டளையைத் தமிழின் மொழிக்குறியுடன் இட்டால் பட்டியல் கிட்டும். அது வெறுமையாயின் லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவற்றுள் ஒன்றை நிறுவலாம்.

இரண்டாவது, நிறுவிய எழுத்துருவை ஃபான்ட்கான்ஃபிக் அறிந்துள்ளதா என்பது. 'எஃப்சி-கேச்' கட்டளை அதன் பட்டியலைப் புதுப்பிக்கும். எழுத்துரு உள்ள கோப்புறை அமைவுக்கோப்பில் இடம்பெற்றிருத்தலும், அதனைப் படிக்கும் அனுமதி பயனருக்கு இருத்தலும் இன்றியமையாதவை.

மூன்றாவது, வரையும் மென்பொருள் அந்நிரலகத்தை நாடுகிறதா என்பது. ஆர் மொழியின் இயல்பான பிடிஎஃப் வெளியீடு, எழுத்துக்கு ஒரு பைட்டு என்னும் குறியாக்கத்தைச் சார்ந்தது. ஆதலின் தமிழுக்கு மாற்றாகப் புள்ளிகளை இடும். கெய்ரோ பிடிஎஃப் வெளியீட்டைத் தேர்ந்தால் இக்குறை நீங்கும். எழுத்துருவும் கோப்பினுள் பதிந்துவிடும். பைத்தானின் மேட்பிளாட்லிப் தனக்கெனத் தனிப்பட்டியல் ஒன்றைச் சேமித்து வைக்கிறது. அதன் இயல்பெழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் இல்லை. ஆங்கு எழுத்துருவின் பெயரை நிரலில் சுட்டுவதோடு பழைய சேமிப்பையும் நீக்குதல் வேண்டும்.

எழுத்துகள் தோன்றியதும் பணி முடிந்ததெனக் கொள்ளலாகாது. 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின் சேமிக்கப்பட்டு, முன் வரையப்படுகிறது. இவ்வொழுங்கை அறியாத மென்பொருள் கொம்பைப் பின்னே நிறுத்தும். வெற்றுக் கட்டம் எவர் கண்ணிலும் படும். இடம்மாறிய கொம்போ தமிழறியாத அச்சகத்தார் கண்ணில் படாது. ஆதலின், 'மொழி', 'கை' போன்ற சொற்களை வரைந்து பார்த்த பின்னரே படத்தைக் கட்டுரையில் சேர்ப்பது நன்று.