வேனை இறக்குறதுக்கு முன்னாடி எடை போடுங்க

பிரிட்டன்ல இருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கார்: "பழைய ஃபோக்ஸ்வாகன் டி5-ஐ கேம்பர் ஆக்குறேன். 40 மில்லிமீட்டர் இறக்கி, 20 இஞ்ச் வீல் போடலாமா?"

போடலாம். ஆனா முதல்ல கட்டில், ஃப்ரிட்ஜ், நிறைஞ்ச தண்ணி டேங்க், ஆட்கள் எல்லாத்தோடயும் வேனை எடை மேடையில ஏத்துங்க. பின் ஆக்சில் எடையைத் தனியா குறிச்சுக்கோங்க. காலி வேனுக்கான ஸ்பிரிங்கைப் போட்டா, இந்தப் பாரத்துல 40-ஐத் தாண்டி இறங்கி, ஸ்பீட் பிரேக்கர்ல எல்லாம் பம்ப் ஸ்டாப்ல இடிக்கும்.

அடுத்து டயர். 215/65 ஆர்16, 255/45 ஆர்18 ரெண்டும் கிட்டத்தட்ட 686 மில்லிமீட்டர் உயரம்தான், அதனால ஸ்பீடோமீட்டர் குழம்பாது. ஆனா பக்கச்சுவர் 14 சென்டிமீட்டர்ல இருந்து 11.5 ஆயிடும். 245/40 ஆர்20 போட்டா வெறும் 9.8. குழியோட அடியை முதல்ல வாங்குறது அந்த ரப்பர்தான்.

இதைவிட முக்கியம் லோட் இண்டெக்ஸ். டயர் பக்கவாட்டுல 103-னு இருந்தா ஒரு டயர் 875 கிலோ தாங்கும், 99-னா 775. உங்க பின் ஆக்சில் எடை 1,600 கிலோன்னு வெச்சுக்கோங்க. ரெண்டு 99 டயர் சேர்ந்து 1,550-தான். பார்க்க செமயா இருக்கும், பாரத்துக்குப் பத்தாது. ரிம்முக்கும் இதே கணக்கு உண்டு, அதையும் கேட்டு வாங்குங்க.

நானா இருந்தா 18 இஞ்ச், 103-ஓட நிறுத்திக்குவேன். இறக்கின பிறகு வீல் அலைன்மென்ட் பாருங்க, இன்சூரன்ஸ்காரங்ககிட்டயும் சொல்லிடுங்க.