ஆட்டுத்தோல் உரிக்க மடக்குக் கத்தி

புதுவை வட்டாரத்தில் கிடா வெட்டும் விவசாயிகள் தோலைக் கிழிக்காமல் உரிப்பது அவசியம். கத்தி பட்டு ஓட்டை விழுந்த தோலுக்கு வாணியம்பாடி, ஆம்பூர் தோல் வியாபாரத்தில் விலை குறைவு.

விரித்தபின் தானே மடங்காதபடி பூட்டு உள்ள மடக்குக் கத்தியாக வாங்கவும். 3 அங்குல அலகு போதும். முனை வளைந்திருத்தல் நலம். வயிற்றின் நடுவிலும் கால்களின் உட்புறத்திலும் மட்டும் கீறி, மற்ற இடங்களில் கைமுட்டியால் தள்ளித் தோலைப் பிரிக்கவும். உரித்தவுடன் தோலின் உட்புறம் உப்புத் தடவவும். கத்தியின் கீலில் இரத்தம் தங்காமல் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இடவும்.

திடீரென இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் இரத்தம் கசியும் ஆட்டை அறுக்கவே கூடாது. அது மனிதருக்கும் பரவும் அடைப்பான் நோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்கவும்.