பயமில்லாமல் படியேற முடிகிறதா?

'போலீஸ் ஸ்டேஷன் பக்கமே போய்விடாதே' என்று சொல்லிப் பிள்ளை வளர்க்கும் வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். 'காவல்துறை உங்கள் நண்பன்' என்று சுவரில் எழுதியிருக்கும். ஆனாலும் நகை தொலைந்தால்கூடத் தெரிந்த வக்கீலையோ கட்சிக்காரரையோ அழைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறோம். இந்தத் தயக்கத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது.

1871-ல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. என்ன செய்தார் என்று கேட்காமல், எந்தச் சாதியில் பிறந்தார் என்று பார்த்தே மனிதர்களைத் திருடர் பட்டியலில் சேர்த்த சட்டம் அது. அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். 1952-ல் நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீங்கியது. அது வளர்த்த சந்தேகம் நீங்கவில்லை. ஊரில் திருட்டு நடந்தால் குறவர், இருளர் குடிசைகளைத் தேடிப் போவது தொடர்ந்தது. 1993-ல் இன்றைய கடலூர் மாவட்டத்தில் திருட்டுப் புகாரில் பிடிக்கப்பட்ட குறவர் ஒருவர் காவலிலேயே இறந்தார். அவர் தப்பி ஓடிவிட்டதாகப் போலீஸ் சொன்னது. கணவனைத் தேடிய மனைவிக்காக வழக்கறிஞர் சந்துரு நடத்திய வழக்கே 'ஜெய் பீம்' படத்துக்கு அடிப்படை.

அழிந்த பதிவு, அழியாத சாட்சி

2020 ஜூன். சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு, சிறைக்கு அனுப்பப்பட்டபின் இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், நிலையத்தின் கேமராப் பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். ஆனால், அன்றிரவு பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், பயந்தபடியே என்றாலும், பார்த்ததைச் சொன்னார். காக்கிச் சட்டையின் மானத்தைக் காப்பாற்றியவர் அவர்தான்.

அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் பதிவாகும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர், நகைத் திருட்டுப் புகாரில் தனிப்படை விசாரித்தபோது இறந்தார். அவர் அடிக்கப்பட்டது நிலையத்துக்கு வெளியே. கேமரா மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

யார் விசாரிப்பது?

போலீஸ்மீது வரும் புகார்களை விசாரிக்க, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழக அரசின் 2013-ம் ஆண்டுச் சட்டமோ அந்த நாற்காலியில் உள்துறைச் செயலாளரை உட்காரவைத்தது. காவல்துறையை நிர்வகிக்கும் துறையே அதன் தவறையும் விசாரித்தால், அடிபட்டவர் யாரை நம்பி மனு எழுதுவார்? நேர்மையாக உழைக்கும் காவலருக்கும் இது கெடுதல்தான். நாலு பேர் செய்த குற்றத்தின் கறையை அவரும் சேர்ந்து சுமக்கிறார். இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. கைது செய்தால் சாட்சிக் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996-லேயே விதி வகுக்கப்பட்டது. அந்தக் குறிப்பு எங்கே என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்காக மட்டுமல்ல, ஊர்க்கோடிக் குடிசையிலிருந்து இழுத்துச் செல்லப்படும் பிள்ளைக்காகவும் கேளுங்கள்.